புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எல்லோருக்கும் பசி. இவன் சீக்கிரம் முடித்துவிடுவான் என்ற நம்பிக்கையில் அமைதியாகக் கேட்பார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

"பொதுத்தேர்வுக்குப் படிப்பது எப்படி" என்று செயலாளர் தலைப்புக் கொடுத்திருக்கிறார். பெரிய தலைப்பு. நான் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஏப்ரல் வெயிலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் தாள்களைப் புரட்டியவன். எனக்குத் தெரிந்தது ஒரே விஷயம்தான். அதனால் தலைப்பை ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். ராத்திரி பகலாகப் படித்த பிள்ளை பரீட்சை ஹாலில் ஏன் முழிக்கிறது?

படிக்கவே இல்லை, அதனால் வரவில்லை என்றால் அதில் பேச ஒன்றுமில்லை. நான் சொல்வது உண்மையிலேயே உழைத்த பிள்ளையை. அம்மா சாட்சி, அப்பா சாட்சி, எரிந்த டியூப் லைட் சாட்சி. தாளைப் பார்த்தால் பாதி வெள்ளையாக இருக்கும்.

நம் சங்கம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் மாலை மையம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பையன் அறிவியல் புத்தகத்தில் இதயம் பற்றிய பகுதியை ஆறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். பென்சில் கோடு, அதன் மேல் மஞ்சள் ஸ்கெட்ச், அதற்கும் மேல் பச்சை ஸ்கெட்ச். பக்கமே கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடித்த மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது சார். நல்லாத் தெரியும்."

"சரி, புத்தகத்தை எங்கிட்ட குடு. ரத்தம் வலது ஆரிக்கிளுக்குள்ள நுழையுது. அங்கேயிருந்து எங்கே போகுது, எதன் வழியாப் போகுது, கடைசியில எப்படி உடம்புக்குப் போய்ச் சேருது? எழுது பார்க்கலாம்."

பேனாவை எடுத்தான். வலது வெண்ட்ரிக்கிள் வரை வேகமாக வந்தான். நின்றான். ஏதோ எழுதினான், அடித்தான், மேலே ஃபேனைப் பார்த்தான். "சார், நாக்கு நுனியில இருக்கு. வரமாட்டேங்குது."

அவன் பொய் சொல்லவில்லை. புத்தகம் திறந்திருக்கும்போது ஒவ்வொரு வரியும் அவனுக்குத் தெரிந்த வரிதான். தினமும் டவுனுக்குப் பஸ்ஸில் போய் வருகிறோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாக் கடையும் தெரிந்த கடை. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர், "பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த முக்குலேர்ந்து வரிசையா என்னென்ன கடை இருக்கு?" என்று கேட்டால் நான்காவது கடையில் திணறிவிடுவோம். கண்ணுக்குப் பழகியது வேறு, கைக்கு வருவது வேறு. பரீட்சையில் கேட்பது கைக்கு வருவதை.

இது வாத்தியார் அனுபவம் மட்டும் இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறிய உரைநடைப் பகுதி. ஒரு கூட்டத்துக்கு அதைப் படிக்க நான்கு தவணை கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்குப் படிக்க ஒரே தவணை; மீதி மூன்று தவணையும் தாளைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, நான்கு தவணை படித்தவர்களே ஜெயித்தார்கள். அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் நிலைமை தலைகீழ். வெறுமனே படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. "ஒரு வாரம் கழிச்சு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு தவணை படித்தவர்கள்தான்! திரும்பத் திரும்பப் படிப்பது தைரியத்தைக் கொடுக்கிறது, பாடத்தைக் கொடுப்பதில்லை. "எல்லாம் தெரியும்" என்று ஹாலுக்குள் போன பிள்ளை வெளியே வந்து அழுவதற்கு இதுதான் காரணம்.

2013-இல் டன்லாஸ்கி என்பவரும் சகாக்களும் மாணவர்கள் கையாளும் பத்து விதமான படிப்பு முறைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கோடு போடுவதும், மறுபடி மறுபடி வாசிப்பதும் அதிகப் பயன் தராதவை என்ற வரிசையில் வந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. ஸ்கெட்ச் பேனா வியாபாரிகள் மன்னிக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிதா என்றால், இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைப் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ஓலையைப் பார்க்காமல் ஒப்பித்தார்கள். வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை கேட்டான். சென்னை எழும்பூரில் 1789-இல் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைச் செய்தார். பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அதற்கு அங்கே "மெட்ராஸ் முறை" என்றே பெயர் விழுந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழும்பிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஒப்பிப்பதில் ஒரு கோளாறு உண்டு, அர்த்தம் தெரியாமலும் ஒப்பிக்கலாம். அதை நான் சிபாரிசு செய்யவில்லை. பார்க்காமல் சொல்வது, பார்க்காமல் எழுதுவது, தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, இந்த மூன்றையும்தான் சொல்கிறேன்.

சரி, எப்படிச் செய்வது? பிள்ளைகளே, ஒரு பத்தியைப் புரிந்து படி. ஒரு தடவை போதாவிட்டால் இரண்டு தடவை. புத்தகத்தை மூடு. பழைய நோட்டின் பின்பக்கத் தாளில் ஞாபகம் வருவதை எழுது. கையெழுத்து கோணலாக இருக்கட்டும், யாரும் பார்க்கப் போவதில்லை. வரவில்லையா? உடனே திறக்காதே. ஒரு நிமிஷம் தவி. அந்தத் தவிப்புதான் படிப்பு. அப்புறம் திற. விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுது. நாளைக்கு அந்தச் சிவப்பை மட்டும் கேட்டுக்கொள். சமூக அறிவியல் மேப்பும் அப்படித்தான். பார்த்துக் குறித்தால் பத்து மேப்பும் வீண். வெற்று மேப்பில் பார்க்காமல் குறித்துத் திருத்தினால் மூன்றே போதும்.

இந்த முறையில் ஒரு கஷ்டம் இருக்கிறது. முதல் வாரம் மனசு விட்டுப்போகும். ஆறு தடவை வாசித்தபோது "தெரியும்" என்றிருந்தது, மூடி எழுதினால் "ஒண்ணுமே தெரியலியே" என்றாகும். அந்தப் பையன் என்னிடம் வந்து, "சார், இப்படிப் படிச்சா எனக்கு மறந்துபோகுது" என்றான். "மறந்தது முன்னாடியே மறந்துபோச்சுடா, இப்பத்தான் உனக்குத் தெரியவருது" என்றேன். மார்ச்சில் ஹாலில் தெரிவதைவிட நவம்பரில் தெரிவது நல்லதில்லையா?

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1885-இல் ஜெர்மானியர் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்து புத்தகம் போட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் மளமளவென்று போய்விடுகிறது, பிறகு மெதுவாகத்தான் போகிறது. ஆகவே திங்கட்கிழமை நடத்திய பாடத்தைக் காலாண்டுத் தேர்வு வரை தொடாமல் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி மூடி போட்டு வைப்பது போல. அன்று ராத்திரி பத்து நிமிஷம், மூன்றாம் நாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, திருப்புதல் தேர்வுக்கு முன் ஒரு தடவை. நாள் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட நான்கு நாளில் ஒவ்வொரு மணி நேரம் உட்காருவது லாபம். அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு என்றதும் என் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் இங்கே தங்குகிறேன்.

கணக்கைப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. கையில் பேனா இல்லாமல், போட்ட கணக்கைக் கதை மாதிரி வாசிப்பார்கள். அது கணக்கு இல்லை. போட்டுப் பழகுகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். அளவியலில் பயிற்சி 7.1 முழுக்கப் புறப்பரப்பு, 7.2 முழுக்கக் கன அளவு. 7.2-ஐத் திறந்தாலே கன அளவுச் சூத்திரம் என்று கை தானாக எழுதிவிடும். பரீட்சையில் பயிற்சி எண் போட்டா கேட்கிறார்கள்? கூம்பு வடிவக் கூடாரத்துக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பார்கள், கூம்பு மாதிரிக் குவித்த நெல் எவ்வளவு என்பார்கள். முதலாவது வளைபரப்பு, இரண்டாவது கன அளவு. எந்தச் சூத்திரம் என்று முடிவு செய்வதே பாதி மார்க். அதற்குப் பழக்கம் வேண்டுமென்றால், சனிக்கிழமை ஒருநாளாவது எட்டு இயல்களிலிருந்தும் ஒவ்வொரு கணக்கைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்துச் செய்யுங்கள்.

இப்போது பின்வரிசை விஷயம். நூற்றுக்கு நூறு வாங்கப் போகிறவர்களுக்கு என் பேச்சு தேவையில்லை. மாநில முதலிடம் என்று பேப்பரில் போட்டோ போடுகிற வழக்கமும் 2017-இலிருந்து நின்றுவிட்டது, நல்ல காரியம். எனக்குக் கவலை 35-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிற்கிற பிள்ளை.

நம் மையத்தில் ஒரு பெண். அரையாண்டில் கணக்கில் 19. மற்ற பாடமெல்லாம் தேறிவிடும். நம் பக்கத்து ஊர்களுக்கு நூல் மில் வேன் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணின் அக்கா அதில்தான் போய் வருகிறாள். "பாஸானாப் படிக்கட்டும் சார், ஃபெயிலானா அக்காகூட அனுப்பிடுவோம்" என்று அவள் அப்பா என்னிடமே சொன்னார். கொடுமைக்கார மனிதர் இல்லை. வீட்டு நிலைமை அப்படி. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு 16 மார்க் வித்தியாசத்தில் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் வேன்.

அவளோடு உட்கார்ந்து தாளைப் பிரித்துப் பார்த்தேன். இப்போதைய பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8. வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16. இந்த இரண்டிலும் மாதிரிகள் எண்ணி விடலாம்: வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக் கோணமும் கொடுத்து முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இருபடி வரைபடம், நேர் மாறல், எதிர் மாறல். ஜனவரி முழுக்கத் தினம் ஒரு படம், புத்தகம் மூடியபடி. உதவிப்படம் போட்டாயா, அளவுத்திட்டம் எழுதினாயா, அச்சுக்குப் பெயர் போட்டாயா என்று பக்கத்துப் பெண்ணே திருத்துவாள். திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது, படிக்குப் படி மார்க் உண்டு. கடைசி விடை தப்பானாலும் நடுவில் செய்த சரியான படிக்கு மார்க் போகாது. 16 கையில் வந்தால், ஒரு மதிப்பெண்ணில் 9, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி. கூட்டிப் பாருங்கள், 35. அவளே கூட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா சார்?" என்றாள்.

அவ்வளவுதான் என்று தெரிந்தபிறகுதான் அவளுக்கு உட்காரவே மனசு வந்தது. எட்டு இயலையும் மலையாகப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். அந்த வருஷம் கணக்கில் 47 வாங்கினாள். இப்போது ப்ளஸ் ஒன் வணிகவியல் படிக்கிறாள்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அதே மையத்தில் இருவர் தேறவில்லை. அவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், பெற்றோர் கவனமாகக் கேளுங்கள். தேறாதவர்களுக்கு அதே கோடையில் துணைத் தேர்வு உண்டு. தேறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறினால் அதே வருஷம் ப்ளஸ் ஒன் சேரலாம், ஒரு வருஷமும் வீணாவதில்லை. ரிசல்ட் வந்த அன்று ராத்திரி பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அக்கம்பக்கத்து மார்க்கை வீட்டில் பேசாதீர்கள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் போட்டுவிட்டு வாருங்கள். அந்த இருவரில் ஒருவன் துணைத் தேர்வில் தேறினான். இன்னொருவன் விண்ணப்பிக்கும் தேதி போனபிறகுதான் எங்களிடம் வந்தான்.

பரீட்சை ஹாலைப் பற்றி இரண்டே வார்த்தை. பத்து மணிக்குக் கேள்வித்தாளைக் கொடுத்து, வாசிக்கவே பத்து நிமிஷம் விடுகிறார்கள். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் முகப்பு விவரம் சரிபார்க்க. பத்தேகாலுக்குத்தான் எழுத்து. நம் காலத்தில் இந்தச் சலுகை இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் எதை எழுதுவது என்று பார்ப்பதைவிட எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். பதினான்கில் பத்து என்றால் நான்கை விட வேண்டும். அதில் ஒரு கேள்வி கட்டாயக் கேள்வி, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் கேள்வி எண்ணைச் சரியாகப் போடுங்கள். எண்ணே போடாத விடையை வைத்துக்கொண்டு, இது எந்தக் கேள்விக்கு என்று நான் தேடிய நேரத்தைச் சேர்த்தால் ஒரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

தூக்கம். ராத்திரி பன்னிரண்டு வரை, மறுபடி விடியற்காலை நாலு மணி என்று பிள்ளையை எழுப்புகிற வீடுகள் உண்டு. 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், படித்துவிட்டுத் தூங்கினவர்களுக்குத்தான் விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவிருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். விடியற்காலைப் படிப்பு நல்லதுதான், ஒன்பதரைக்குப் படுத்தால். செல்போனைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அப்பாக்கள் கையில் இருப்பதை முதலில் கீழே வைக்கட்டும். வீடியோவில் பாடம் பார்க்கிற பிள்ளைக்கு மட்டும் ஒன்று: அதுவும் ஜன்னல் வழியாகக் கடை பார்க்கிற மாதிரிதான். நிறுத்திவிட்டு எழுதிப் பார்.

பெற்றோர்களே, "படிச்சியா?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் "படிச்சேன்" தான். "என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று ஒரு தாய் வருத்தப்பட்டார். மல்லிகைப் பூ கட்டி விற்கிறவர். "அம்மா, நீங்க பூ கட்டிக்கிட்டே கேளுங்க. நிறுத்தாமச் சொன்னா அவளுக்குத் தெரியும். இழுத்தா தெரியலைன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க எழுத்து எதுக்கு?" என்றேன். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, "ரத்தம் நுரையீரலுக்குப் போயி சுத்தமாகித் திரும்ப வருதாம்ல சார்" என்றார்.

இனி என் வகுப்புத் தோழர்களுக்கு. இந்த வருஷமும் மையத்துக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டீர்கள். கைடு வேண்டாம். நாமெல்லாம் நோட்ஸ் வைத்துப் படித்தவர்கள்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே கைடு ஒரு பெட்டி நிறையப் பிரிக்காமல் கிடக்கிறது. இல்லாதது, கேட்கிற ஆள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். பாடம் நடத்த வேண்டியதில்லை, பாடம் தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை. புத்தகத்தை நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், "சொல்லு பார்க்கலாம்" என்று கேட்க வேண்டும், பிள்ளை திணறும்போது அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்காமல் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் நம் செட்டுக்குக் கொஞ்சம் கடினம்.

சனி, ஞாயிறு மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை. இப்போது அறுபத்திரண்டு பிள்ளைகள், பெரியவர்கள் ஐந்து பேர்தான் இருக்கிறோம். கேட்க இன்னும் எட்டுப் பேராவது வேண்டும். சுண்டல் உண்டு. வர முடிகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் எந்த நாள் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.